ஐஸ் அறையில் பாடிய ரோசி

ரோசிக்கு அப்போது முப்பத்தாறு வயது. பழவேற்காட்டில் இறால் வாங்கி, பஸ் ஏறி, பொன்னேரித் தெருக்களில் 'எறா, எறா' என்று கூவி விற்பாள். கரகரப்பான குரல், மூன்று தெரு தள்ளிக் கேட்கும். அதைப் பாட்டுக் குரல் என்று அவளோ அவள் புருஷன் தேவதாஸோ நினைத்ததே இல்லை.

நினைத்தவன் கலந்தர். கப்பல் வேலையிலிருந்து 1983இல் ஊர் திரும்பியபோது ஒரு எலெக்ட்ரிக் கிடாரும், லண்டனில் வாங்கிய சில கேசட்டுகளும் கொண்டுவந்தான். அந்தப் பாட்டுகளில் இனிமை குறைவு. பாடுகிறவர் பேசுவது போலவும் சண்டை போடுவது போலவும் பாடினார். ரோசியின் தம்பி தானியேலுக்கு அவை உடனே பிடித்துப்போயின. அவன் பேஸ் கிடார், அவன் கூட்டாளி துளசிங்கம் டிரம். அதுவரை கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்த அந்த இருவரும் கலந்தரும் சேர்ந்து சொந்தமாக ஏழு பாட்டு கட்டினார்கள். கேசட் போடவும் முடிவு செய்தார்கள். பாடத்தான் ஆள் இல்லை.

"அக்கா, நீ பாடு" என்றான் கலந்தர்.

"இன்னாடா, வெளையாடறியா? நான் எறா விக்கிறவ."

"எறா விக்கிற மாரியே பாடுக்கா. அதான் வேணும்."

கூடையைப் பஸ்ஸில் ஏற்ற விடாமல் தினமும் வம்பு பண்ணும் கண்டக்டரைப் பற்றி ஒரு பாட்டு இருக்க வேண்டும் என்று ரோசி நிபந்தனை போட்டாள். ஒத்துக்கொண்டு, எட்டாவதாக அதையும் கட்டினார்கள்.

மெட்ராஸில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனார்கள். அங்கிருந்த ஒலிப்பதிவாளர் நல்ல மனுஷன்தான். ஆனால் "கொஞ்சம் மெதுவா, இனிமையா பாடுங்கம்மா" என்று சொல்லிச் சொல்லி அவள் குரலை அடக்கிவிட்டார். பதிவானதைப் போட்டுக் காட்டியபோது ரோசி தானியேலைத் திரும்பிப் பார்த்தாள்.

"யார்ரா இது? ஜொரம் வந்தவ மாரி கீறா."

சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டார்கள். திரும்பும் பஸ்ஸில் அவளே யோசனை சொன்னாள். எறாவுக்கு ஐஸ் கேட்டு அவள் தினமும் ஐஸ் கம்பெனியில் குரல் கொடுப்பாள். சிமெண்ட் அறை அதை இரண்டு மடங்காக்கித் திருப்பித் தரும். அங்கே இப்போது மோட்டார் பழுது, அறை காலி.

கலந்தரின் டேப் ரெக்கார்டரை ஐஸ் பெட்டி மேல் வைத்தார்கள். முதல் நாள் எதுவும் சரிவரவில்லை. ரோசி மைக் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, ஜெபத்துக்கு நிற்பது போல நின்றாள்.

"அக்கா, நீ இப்டி நின்னுகினா எறா விப்ப?" என்றான் துளசிங்கம்.

மறுநாள் எறா விற்கும் அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். கிடார் தொடங்கியதும் அறையைச் சுற்றி நடந்தாள். குரல் தானாகத் திறந்தது. கண்டக்டரை அவள் கேட்ட கேள்விகள் சுவர்களில் மோதித் திரும்பின. மைக்கை நெருங்கும்போது சத்தம் ஏறியது, தள்ளிப் போகும்போது இறங்கியது. அதை அப்படியே விட்டுவிடலாம் என்றான் கலந்தர். மூன்று நாளில் எட்டுப் பாட்டும் முடிந்தன. கேசட்டுக்கு 'வழி விடு' என்று பெயர் வைத்தாள் ரோசி.

தேவதாஸ் முழுசாகக் கேட்டுவிட்டு, "வூட்ல கேக்கறது பத்தாதுன்னு இது வேறயா" என்றான். பிறகு தானே எழுந்து கேசட்டைத் திருப்பிப் போட்டான்.

நூறு கேசட்தான் போட்டார்கள். வலை பின்னும் இடங்களில், சைக்கிள் கடையில், மீஞ்சூர் டீக்கடைகளில் அது ஓடியது. மெட்ராஸில் ஒரு கல்லூரியில் கூப்பிட்டார்கள். அங்கே மாணவிகள் கண்டக்டர் பாட்டை மூன்று முறை பாட வைத்தார்கள். அடுத்த வருஷம் கலந்தர் மறுபடி கப்பலேறினான். இரண்டாவது கேசட் வரவில்லை. யாரும் அதற்காக வருந்தவில்லை.

ரோசி எறா விற்பதை நிறுத்தவில்லை. 1987இல் ஒருநாள் பொன்னேரியில் ஒரு முடிவெட்டும் கடையிலிருந்து அவள் குரலே கேட்டது. கூடையோடு நின்று பாட்டு முடியும் வரை கேட்டாள்.

"நல்லாத்தான் பாடிக்கீறேன்" என்று சொல்லிக்கொண்டு அடுத்த தெருவுக்குத் திரும்பினாள்.