சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை

என் சித்தப்பாவிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, உலை வைத்துச் சோறு வடித்துவிட்டு வந்தால் பதில் தயாராக இருக்கும். மிகையில்லை. சாப்பிட வாங்க என்று கூப்பிட்டால் மற்றவர்கள் வருவார்கள், அல்லது அப்புறம் என்பார்கள். இவர் யோசிப்பார். பசி எவ்வளவு, பஸ் எத்தனை மணிக்கு, காலையில் தின்றது செரித்ததா என்றெல்லாம் உள்ளே ஓடும்போல. கூப்பிட்ட நமக்குத்தான் பசி வந்துவிடும்.

அப்பாவுக்குத் தம்பி அவர். அப்போது கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். குரும்பலூர்ப் பக்கம் எங்கள் ஊர். அங்கிருந்து பஸ் மாறிப் போய் ரெட்டிபாளையத்தில் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். சுண்ணாம்புக்கல்லில் ஈரம் எவ்வளவு, என்ன கலந்திருக்கிறது என்று சோதிக்கிற வேலை. கல்லோடு பழகிப் பழகி மனுஷர்களோடு பேச மறந்துவிட்டது என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

அப்பா நேர் எதிர். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு அப்புறம் யோசிப்பார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலையில் இறங்கினால் பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அப்பா குழி தோண்டி முடித்த பிறகு சித்தப்பா டேப்போடு வருவார். அளப்பார். வாயைத் திறக்காமல் நாலடி தள்ளி ஒரு கோடு கிழிப்பார். அங்கே தோண்ட வேண்டுமாம். ஏன் என்று சொன்னால் குறைந்தா போய்விடுவார்? அப்பா கத்துவார். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். போனில் பேசுவதும் ஆகாது. எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்புவார், அப்பாவோ தன் பட்டன் போனில் ஒரு மெசேஜையும் திறந்து பார்த்ததில்லை. ஆக, நடுவில் தூது போக நான். பத்து வயதில் எனக்கு அந்தத் தலையெழுத்து.

அந்த வருஷம் சின்ன வெங்காயம் நன்றாக விளைந்திருந்தது. அடுத்த நடவுக்கு விதை வெங்காயத்தைப் பட்டறையில் ஏற்ற வேண்டும். அடியில் கல் பரப்பி, சுற்றிலும் குச்சி கட்டி, மேலே கீற்றுப் போட்டுக் காட்டிலேயே கட்டுகிற கூடு அது. காற்றோட்டமாக மாசக்கணக்கில் தாங்கும். ஆனால் ஈரத்தோடு ஏற்றினால் ஒன்று அழுகி ஒன்பதைக் கெடுக்கும். விதை போனால் அடுத்த வெள்ளாமை போச்சு.

இதில் எனக்கும் ஒரு காரியம் இருந்தது. பட்டறை ஏற்றிய மறுநாள் சிறுவாச்சூர் கோயிலுக்குக் கூட்டிப்போவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். கோயில் கடையில் ஒரு பச்சை வளையலைப் பார்த்து வைத்திருந்தேன். இரண்டு வெள்ளிக்கிழமை தள்ளிப்போய்விட்டது, சித்தப்பாவால். வேலைக்குப் போகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் வெங்காயக் குவியல் பக்கத்தில் குந்திக்கொண்டு, இலைத்தாள் அறுத்த இடத்தை ஒவ்வொன்றாக விரலால் அமுக்கிப் பார்ப்பார். காய்ந்துவிட்டதா என்று கேட்டால் தலையைக் கோணலாக ஆட்டுவார். ஆமாமா, இல்லையா, சாமிக்குத்தான் வெளிச்சம்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை. அப்பா கீற்று வாங்கப் போயிருந்தார். சித்தப்பா பஸ்ஸுக்குக் கிளம்பி, வாசல் வரை போய், திரும்பி என்னிடம் வந்தார்.

"பாப்பா, அண்ணங்கிட்ட சொல்லு. மேக்கால உள்ள குவியல ஏத்தலாம். கெழக்கால உள்ளது இன்னும் ஈரம். மூணு நாள் காயட்டும்."

சொல்லிவிட்டு, எங்கே திருப்பிச் சொல்லு என்றார். சொன்னேன். மறுபடியும் ஒரு தடவை சொல்லச் சொன்னார். அதையும் சொல்லித் தொலைத்தேன். மூணு நாள் என்றால் இந்த வெள்ளியும் போச்சே என்று எனக்கு அழுகை முட்டியது.

அப்பா நாலு ஆட்களோடு வந்தார். வானத்தைப் பார்த்தார், மேகம் கட்டியிருந்தது. சித்தப்பா ஏதாவது சொன்னானா என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலப்பா" என்றேன்.

ஒருத்தருக்காவது சந்தேகம் வரவேண்டுமே! அவர் ஒன்றும் சொல்லாமல் போவது என்ன, ஊரில் நடக்காத அதிசயமா? "அவன் என்னைக்குச் சொல்லியிருக்கான்" என்று முனகிக்கொண்டே அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். மழைக்கு முன்னால் இரண்டு குவியலும் பட்டறைக்குள் போய்விட்டன. மறுநாள் சிறுவாச்சூர் போனோம். பச்சை வளையலும் கிடைத்தது.

சித்தப்பா வந்து பட்டறையைப் பார்த்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அண்ணன் தன் பேச்சை மதிக்கவில்லை என்று நினைத்திருப்பார். ஏன் ஏற்றினீர்கள் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே இறக்கியிருக்கலாம். கேட்கவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு ஆத்திரம் வருகிறது. பொய் சொன்னவள் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக இப்படியும் ஒரு மனுஷர் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பாரா?

இருபது நாளில் நாற்றம் கிளம்பியது. பிரித்தால் கிழக்குக் குவியல் கூழாகிக் கிடந்தது, மேற்குக் குவியலையும் பாதிக்கு மேல் இழுத்துக்கொண்டு. அம்மா மடியில் கொஞ்சம் பொறுக்கிப் பார்த்துவிட்டு அப்படியே கொட்டினாள். அப்பா சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஊரான் கல்லுல ஈரம் பாக்குறியே, நம்ம வெங்காயம் ஈரமா இருந்தா வாயத் தொறந்து சொல்ல மாட்டியா? பாப்பாகிட்ட கேட்டேன். நீ ஒண்ணுமே சொல்லலங்குது."

சித்தப்பா என்னைப் பார்த்தார். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு அது ஒரு யுகம்.

"ஆமாண்ணே. சொல்லணும்னுதான் இருந்தேன். மறந்துட்டேன்" என்றார்.

இனிமேல் என் காட்டுப் பக்கம் கால் வைக்காதே என்று அப்பா சொல்லிவிட்டார். அந்த மாசமே சித்தப்பா அரியலூரில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போனார். பஸ் ஏறும்போது என் தலையில் கை வைத்தார். பஸ் போனதும் எனக்கு மூச்சு வந்தது, கூடவே கொஞ்சம் இளக்காரமும். இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னவருக்கு, என்னிடம் சொன்னதே மறந்துபோய்விட்டதே. இந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு ஆலையில் எப்படித்தான் வேலை கொடுத்தார்களோ என்று அம்மாவிடமே கேட்டேன்.