பஸ் வருவதற்குள்

காந்திமதி அக்கா யாரோடு பேசினாலும் கண் அவர்கள் சட்டையில்தான் இருக்கும். பொத்தான் இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று மேலிருந்து கீழே பார்ப்பார். பதினோரு வருடமாகக் கவனிக்கிறேன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் நாங்கள் ஒரே லைனில் வேலை பார்த்தபோது, ஒருநாள் சூப்பர்வைசர் அக்காவைத் திட்டித் தீர்த்தார். அக்கா அவர் காலரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், அது பிஞ்சிகினு கீது" என்றார்.

கான்ட்ராக்ட் முடிந்து எங்களை அனுப்பிய பிறகு, சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் அக்கா தையல் கடை போட்டார். என்னையும் கூட வைத்துக்கொண்டார். சந்துக்குள் ஆள் வரவில்லை. நான்கு மாத வாடகை பாக்கியைப் பொறுத்த கட்டடக்காரர் ராஜாமணி ஒருநாள் வாசலில் வந்து நின்றார்.

"ஈ ஓட்டிகினு எத்தினி நாள் உக்காந்திருப்ப காந்திமதி? பொங்கல் வரைக்கும் பாக்கறேன். அப்புறம் செல்போன் கடைக்காரனுக்குக் குடுத்துடுவேன்."

பொங்கலுக்கு ஐந்து வாரம் இருந்தது. நாற்பத்தாறு வயதுப் பெண்ணை எந்தக் கம்பெனியும் லைனில் எடுக்காது. கடை போனால் அக்காவுக்கு வேறு வழி கிடையாது.

"கம்பெனிப் பொண்ணுங்க இங்க வரலன்னா நாம அங்க போலாம்டி" என்றார்.

மறுநாள் விடியற்காலை, கை மெஷினை பஸ் நிறுத்தத்தில் ஒரு ஸ்டூல் மேல் வைத்தோம். அக்கா சொன்னதை அட்டையில் எழுதி, அதை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன்: 'உங்க பஸ் வர்றதுக்குள்ள தைச்சுத் தருவோம். காசு வேணாம். முடியலன்னா எங்க செலவுல டீ.'

முதல் ஷிப்டுக்குப் போகும் பெண்கள் படித்துவிட்டுச் சிரித்தார்கள். துணி தரத்தான் யாருமில்லை. ஐந்து முப்பத்தைந்துக்கு, ஹாஸ்டலில் தங்கியிருக்கும் தென்காசிப் பெண் சந்தனமாரி தன் கம்பெனிக் கோட்டை நீட்டினாள்.

"யக்கா, பையி கிழிஞ்சு தொங்குது. அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிருமா?"

"குடு கண்ணு."

மெஷின் ஓடியதும் கூட்டம் சுற்றிக்கொண்டது. ஒருத்தி போனில் வாட்ஸ்அப்பைப் பார்த்து, "பஸ் முந்தின ஸ்டாப் தாண்டிருச்சாம்!" என்று கத்தினாள். மற்றவர்கள், "ஓட்டுக்கா, ஓட்டு!" என்றார்கள். கடைசி மூலை திரும்பும்போது பஸ் வந்து நின்றது. இரண்டு நிமிடம் முன்னதாகவே. கம்பெனி பஸ் யாருக்காகவும் நிற்காது. அக்கா பதறி, ஊசியைத் தூக்கிக் கோட்டை உருவிச் சந்தனமாரியின் கையில் திணித்தார்.

நூலை வெட்டவில்லை.

பஸ் நகர்ந்தது. ஜன்னலில் கோட்டு, கோட்டிலிருந்து நூல், மெஷின் மேல் நூல்கண்டு கிறுகிறுவென்று சுற்றியது.

"யக்கா, நூலு கூடவே வருதுக்கா!"

"இன்னாமா, பட்டம் வுடறியா?" என்றார் டிரைவர். பஸ்ஸே சிரித்தது; ஜன்னல்களில் போன்கள் நீண்டு வீடியோ எடுத்தன. டீக்கடை தாண்டியதும் நூல் அறுந்தது.

அக்கா கடைக்குத் திரும்பி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "மானம் போச்சுடி. இனிமே எவ வருவா?"

ஆனாலும் சொன்ன சொல் இருக்கிறதே. பிற்பகல் பஸ் திரும்பும் நேரத்துக்கு பிளாஸ்க்கில் டீயோடு போய் நின்றார். சந்தனமாரி இறங்கினாள். மொத்த நூலையும் தன் ஐடி கார்டில் சுற்றி வைத்திருந்தாள். அவள் பின்னால் எட்டுப் பேர்.

"வீடியோ எல்லா ஹாஸ்டல் குரூப்புலயும் ஓடுதுக்கா. தோத்ததுக்கு டீ எங்க? இவளுக்குப் பேன்ட் நீளம் குறைக்கணுமாம். ஒங்க கடை எங்கிட்டு இருக்கு?"

அக்கா டீயை ஊற்றிக்கொண்டே எட்டுப் பேரின் பொத்தான்களையும் பார்த்து முடித்துவிட்டார்.

போகி அன்று ராஜாமணி வந்தபோது உட்கார இடமில்லை. ஓரமாக நின்றவர், "நம்ம பேன்ட் ஒண்ணு இடுப்புல புடிக்குது" என்றார். செல்போன் கடையைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது கடை அக்காவிடமே இருக்கிறது. திங்கட்கிழமைகளில் விடியற்காலை பஸ் நிறுத்தத்தில் தைக்கிறோம். பாதி நாள் ஜெயிக்கிறோம், பாதி நாள் டீ வாங்கித் தருகிறோம். நூல் வெட்டுவது என் வேலை.