சுவரின் அந்தப் பக்கம்

மலையகச் சிறுகதைகளில் இடம் என்பதுதான் என் ஆய்வு. வீடு, வெளி, எல்லை என்று எழுதிக் குவித்த தாள்களைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வரும். கதைகளில் வரும் லயங்களை, இலங்கைத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளை, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிட்டேன். நான் பிறந்த லயமோ கொஸ்லந்தைப் பக்கத்தில் மண்ணுக்கடியில் கிடக்கிறது.

அந்த லயத்தில் எங்களுக்கும் பக்கத்து வீட்டு மதினிக்கும் ஒரே சுவர். அம்மா அவளை மதினி என்றுதான் கூப்பிடுவாள். விடியலில் தேத்தண்ணி ஊற்றியதும் அம்மா சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவாள். அந்தப் பக்கத்திலிருந்தும் இரண்டு தட்டு வரும். பிறகு இருவரும் சேர்ந்து, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போவார்கள்.

மலை சரிந்த அன்று மதினிக்குக் காய்ச்சல். பதிலுக்குத் தட்டினாளாம், ஆனால் வேலைக்கு வரவில்லை. நான் பதுளையில் வகுப்பில் இருந்தேன், அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். மதினியின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

பிறகு கிடைத்த புது வீடு தனி வீடு. அங்கேயும் அம்மா விடிந்ததும் தட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் மானாப் புல்தான். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நிற்பாள். முதல் தடவை பார்த்தபோது ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"யாரும்மா இருக்கா அங்க?" என்று கத்தினேன்.

"நீ ஒன் எழுத்து வேலையப் பாருடி."

அம்மாவுக்கு இருமல் முற்றவே, அவளைப் பிடிவாதமாகப் பதுளைக்குக் கூட்டி வந்தேன். கடைத்தெருவில் என் வாடகை அறை. அதன் ஒரு சுவர் புடவைக் கடைக்காரர் வீட்டோடு சேர்ந்தது. மறுநாள் விடியலில் அம்மா தேத்தண்ணி ஊற்றினாள், தட்டினாள்.

அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு வந்தது.

அம்மா சுவரிலிருந்து கையை எடுத்தாள். "இது அவ கை இல்லடி" என்றாள். சுவரோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மண் சரிந்து நான் ஓடிவந்த நாளில்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. அவள் மதினி செத்துப்போனது அன்றைக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது.

"என்னய அங்கயே கொண்டுபோயி விட்டுரு. அங்க வேற யாரும் தட்ட மாட்டாங்க."

அன்றைக்கே பஸ் ஏறினோம். அம்மா இப்போது அந்த வீட்டில்தான் தனியாக இருமிக்கொண்டிருக்கிறாள். என்னால் அவளைத் திரும்பக் கூப்பிட முடியவில்லை.

நான் பதுளை அறைக்குத் திரும்பியதும், அன்றைக்குப் பதிலுக்குத் தட்டிய புடவைக் கடைக்காரர் வீட்டு அக்கா வந்து விசாரித்தார். பக்கத்து வீட்டை எழுப்புவது எங்கள் லயத்துப் பழக்கம் என்று மட்டும் சொன்னேன். தனியாக இருக்கும் பெண் என்று பாவப்பட்டாரோ என்னவோ, அன்றிலிருந்து தினமும் விடியலில் அவரே இரண்டு தட்டுத் தட்டுகிறார்.

நல்ல மனுஷி. நானோ அந்தச் சத்தம் கேட்டதும் எழுதுவதை நிறுத்திவிடுகிறேன். எழுதிய தாள்களுக்கு நடுவில் ஆறிப்போன தேத்தண்ணியோடு உட்கார்ந்திருக்கிறேன். பதிலுக்குத் தட்டக் கை எழவில்லை. சுவரின் அந்தப் பக்கம் அவர் கொஞ்ச நேரம் காத்து நிற்பது எனக்குத் தெரிகிறது.