சைடு ஸ்டாண்டில் பார்த்த ஆயில்

கருகின ஆயிலின் வாசம் மூக்கில் நிற்காது, நேரே தொண்டைக்கு இறங்கிவிடும். தேவாரத்தில் எங்கள் வீட்டு வாசலில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில், அப்பா மோட்டார் சைக்கிளின் வலது பக்கத்து மூடியைத் திருகி, ஆயில் மட்டம் பார்க்கிற "ஆயில் குச்சி"யை உருவும்போதெல்லாம் அந்த வாசம் அடுப்படி வரைக்கும் போய், அம்மா தாளிக்கிற கடுகு வாசத்தையும் அமுக்கிவிடும். கிழிந்த பனியன் துணியில் குச்சியைத் துடைத்து, உள்ளே விட்டு, மறுபடி உருவி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "ஆத்தா, அந்த டப்பாவ எடு" என்பார். டப்பா வந்துவிட்டால் அன்றைக்குச் சுருளி அருவியும் கிடையாது, வேறு எங்கேயும் கிடையாது.

வண்டி வாங்கிய புதிதில் அப்பா ஷோரூமுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். அது தேனியில் இருந்தது. காலையில் போடி வழியாகப் போய் வண்டியை விட்டால், தேங்காய் வியாபாரத்தை அன்றைக்கு மூட்டை கட்டிவிட்டு, சாயங்காலம் வரைக்கும் அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி ஒருமுறை சர்வீஸ் முடித்து வந்த சாயங்காலம், வாசலில் நிறுத்திக் காப்பி குடித்துவிட்டு, சும்மா இருக்கமாட்டாமல் குச்சியை உருவிப் பார்த்தவருக்கு முகமே மாறிவிட்டது. நுனியில் பட்டும் படாமலும்தான் ஆயில் இருந்தது. "பாத்தியா புள்ள, புது ஆயில ஊத்துனதா சொல்லி ஏமாத்திட்டாக" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா, "அங்கனயே கேக்க வேண்டியதுதானங்க" என்றாள். கேட்கவில்லை. அதன்பிறகு அந்தப் படியை மிதிக்கவும் இல்லை.

எங்கள் தெருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மலையடிவாரத்துத் தெரு, ஒரே சரிவு. "டபுள் ஸ்டாண்டு" போட்டால் வண்டி முன்னே நகர்ந்து இறங்கிவிடும் என்பதால், அப்பா முன்சக்கரத்துக்கு ஒரு அரைச் செங்கலை முட்டுக்கொடுத்து, வண்டி இடது பக்கம் சாய்ந்து நிற்கிற "சைடு ஸ்டாண்டு"தான் போடுவார். அந்தச் செங்கல் அந்த இடத்தை விட்டு அசைந்து நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து எல்லாம் வீட்டு சர்வீஸ்தான். பழைய ஆயிலை அறுத்த டப்பாவில் வடிய விடுவது, அதைக் கரையான் ஏறாமல் இருக்கத் தோட்டத்து வேலிக்கால்களில் பூசுவது, புது ஆயிலை ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றுவது, பிறகு குச்சியைப் பார்த்து "கம்மியாத்தான் காட்டுது" என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவது. வண்டி நாளாக நாளாகப் புகை கக்க ஆரம்பித்தது, இழுவையும் இல்லை. பெட்ரோலில் கலப்படம் என்றார். பங்கை மாற்றினார். பங்கு பங்காக மாற்றியும் புகை நிற்கவில்லை. எனக்கு அப்போதே எரிச்சலாக இருக்கும். ஊரில் எல்லோருடைய வண்டியும் ஓடுகிறது, எங்கள் வண்டி மட்டும் வைத்தியம் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

அம்மா பள்ளிப் படிப்பை முடித்து, தட்டச்சும் முடித்தவள். அரசு வேலைப் பரீட்சைக்குச் சமைத்துக்கொண்டே படித்தாள். வயது வரம்பின்படி அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. பரீட்சை மையம் உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரி. முதல் பஸ்ஸிலேயே போய்விடுகிறேன் என்றுதான் அவள் சொன்னாள். "பஸ்ல நசுங்கிப் போயி என்னத்த எழுதுவ, நான் கொண்டு போயி விடுறேன்" என்றார் அப்பா. பாசமாகத்தான் சொன்னார், அதை நான் மறுக்க மாட்டேன். வீட்டில் தனியாக விட முடியாதென்று என்னையும் நடுவில் உட்கார வைத்தார்கள். கிளம்புவதற்கு முன்னால் குச்சியை உருவினார், குறைவு என்றார், தாராளமாக ஊற்றினார்.

கோம்பை தாண்டியதும் வண்டி வெள்ளைப் புகையாகக் கக்கி, இருமி, நின்றுவிட்டது. அப்பா பிளக்கைக் கழற்றித் துடைத்தார். அது ஆயிலில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. மாட்டி உதைத்தார், உறுமிவிட்டு அணைந்தது. அந்த நேரத்தில் பின்னாலிருந்து உத்தமபாளையம் பஸ் வந்தது. அம்மா ரோட்டோரத்துக்கு ஓடினாள். "இரு புள்ள, ரெண்டு நிமிசம், கெளம்பிரும்" என்றார் அப்பா, உதைத்துக்கொண்டே. கையைத் தூக்கப் போனவள் அப்படியே நின்றாள். பஸ் எங்கள்மேல் புழுதியை வாரிப் போட்டுவிட்டுப் போய்விட்டது. அடுத்த பஸ் பிடித்து அவள் போய்ச் சேர்ந்தபோது வாசல் கதவைச் சாத்தியிருந்தார்கள். வீடு திரும்பியதும் அம்மா உலை வைத்தாள், அப்பா ஷோரூம்காரர்களைத் திட்டினார். ஆரம்பத்திலேயே வண்டியைக் கெடுத்துவிட்டார்களாம்.

இப்போது நான் தேனியில் வேலை பார்க்கிறேன், போன வருடம் சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். பெண்பிள்ளைக்கு இவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. ஷோரூமிலிருந்து போன் போட்டு "மேடம், சர்வீஸ் டியூ" என்று நச்சரிக்கிறார்கள். போனால் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் என்ன செய்கிறார்கள் என்று தெரிவதில்லை. வெளியே விட்டால் வாரண்டி போகும் என்று மிரட்டுகிறார்கள். அப்படி ஷோரூமில் விட்டு எடுத்த வண்டியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாரம் போனேன். இதில் குச்சி கிடையாது, ஆயில் மட்டம் தெரிய எஞ்சினின் வலது பக்கம் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி. சைடு ஸ்டாண்டில் நிறுத்தி அரைமணி நேரம் ஆகியிருக்கும், அப்பா குனிந்து பார்த்தார். கண்ணாடியில் ஒன்றுமே இல்லை. "பாத்தியா, அன்னைக்கே சொன்னேன்ல, ஊத்தாமயே அனுப்பியிருக்காக" என்றார். இத்தனை வருடம் கழித்தும் அதே குரல், அதே வெற்றி.

நிமிர்த்தி வைத்துத்தான் பார்க்க வேண்டும், அளவுக்கு மேல் ஊற்றினால் புகை கக்கும், பிளக் நனைந்து வண்டி நின்றுவிடும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. நான் ஏறி உட்கார்ந்து வண்டியை நேராகப் பிடித்தேன். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் குனிந்தாள்.

"இந்தா நிக்குதே, பாதிக்கு."

சாய்த்தேன். "போயிருச்சு" என்றாள். நிமிர்த்தினேன். "வந்துருச்சு." இன்னொரு தரம் சாய்க்கச் சொன்னாள். சாய்த்தேன். சாய்ந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் பார்த்தார். பிறகு, "அந்த வண்டி வேற, இது வேற" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் பின்னாலேயே போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அம்மா ஹேண்டில் பாரில் கை வைத்திருந்ததால் இறங்க முடியவில்லை.

அந்தப் பழைய வண்டி எடைக்குப் போய்விட்டது. ஆயில் குச்சி வழக்கொழிந்து வருகிறது, தெருவையும் சிமெண்டு போட்டுச் சமப்படுத்திவிட்டார்கள். செங்கல் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றாள். அந்தப் பரீட்சை நாளைப் பற்றி அதுவரை அவள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"அந்தப் பஸ்ஸுக்குக் கைய நீட்டியிருக்கணும் ஆத்தா" என்றாள்.