தார் ரோட்டில் திரும்பும்போது

என் வீட்டுக்காரர் முப்பது வருசத்துக்கு மேல் வண்டி ஓட்டியவர். ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. கடைசியாக அவர் ஓட்டியது ஒரு வெடிக் கம்பெனியின் பிக்கப் வண்டி. நாரணாபுரத்தில் முதலாளி வீட்டில் காலி அட்டைப்பெட்டியும் குடிதண்ணீரும் ஏற்றிக்கொண்டு, வெம்பக்கோட்டைக்கு அந்தப் பக்கம் கரிசல் காட்டுக்குள் இருக்கிற கம்பெனிக்குப் போவார். சாயங்காலம் வேலை முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு வருவார்.

கரிசல் நனைந்தால் பிசின் மாதிரி ஒட்டும். அதற்காகவே முதலாளி நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாகப் பார்த்து வாங்கியிருந்தார். பெரிய கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு கம்பி இருக்கும். அதன் தலையில் 2, 4 என்று போட்டிருக்கும். நாலில் போட்டால் ஃபோர் வீல். சேற்றில் அது இல்லாமல் நகர முடியாது. தார் ரோடு வந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் திருப்பக் கூடாது.

ஏன் என்று ஒருநாள் கேட்டேன். நானும் முன்னே வெடி வேலை பார்த்தவள்தான்.

"களத்துல காயப்போட்ட வெடித் தட்டை ரெண்டு பேராத் தூக்கிட்டுத் திரும்பியிருக்கேல்ல? வெளிப்பக்கம் வாரவ கூட ரெண்டு எட்டு வைக்கணும்ல? ஒரே எட்டுத்தான் வைப்போம்னு ரெண்டு பேரும் நின்னா என்ன ஆகும்?"

"தட்டு கீள போகும். நாங்க மேல போயிருவோம்."

சிரித்துவிட்டார். "அதேதான். திரும்பும்போது முன் சக்கரம் பெரிய வட்டம் போகணும், பின் சக்கரம் சின்ன வட்டம். ஃபோர் வீல் போட்டா ரெண்டையும் சேத்துக் கட்டுன மாதிரி. சேத்துல வளுக்கிச் சரிபண்ணிக்கிடும். தாருல எங்கிட்டு வளுக்க? உள்ள ஏதாச்சும் ஒடையும். கம்பி இறுகிக்கிட்டா அதோட மல்லுக்கட்டக் கூடாது. நேரா ஒரு முளம் பின்னால எடுத்தா தானா வந்துரும்."

இப்படித் தெரிந்த மனுசர்தான், இரண்டு வருசத்துக்கு முந்தின ஐப்பசி மழையில் ஒருநாள் தார் ரோட்டில் ஏறி அப்படியே ஒடித்துத் திருப்பினார். டயர் கத்தியது. வண்டி தவளை மாதிரி குதித்தது. நான் அன்றைக்கு ஏதோ வேலையாக முன்சீட்டில் இருந்தேன். கம்பி நாலில் நின்றது. "டயரு சரியில்ல" என்றார். முதலாளி நான்கு டயரையும் மாற்றிக் கொடுத்தார்.

டயர் இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்கு முன்பே வீட்டில் ஒன்றிரண்டு பார்த்திருந்தேன். சாப்பிட்டு எழுந்தவர் கை காய்வதற்குள் மறுபடியும் வந்து தட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார். மகளுக்கு நான் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்து ஒருத்தர் பாவம் என்று சொல்ல நான் விட்டதில்லை.

முதலாளியிடம் போய், கம்பெனியில் தண்ணீர் ஊற்ற நான் வருகிறேன் என்று கேட்டுச் சேர்ந்தேன். தினமும் முன்சீட்டில் உட்கார்ந்தேன். மண்பாதை முடிகிற இடத்தில், யாரிடமும் இல்லாமல் சொல்வதுபோலச் சொல்வேன்: "தார் வந்துருச்சு." அவர் கை தானாகக் கம்பிக்குப் போகும். ஒரு வருசம் இப்படி ஓடியது.

போன மழையில் ஒருநாள் சாயங்காலம், பின்னால் பன்னிரண்டு பெண்கள். தார் வந்தது. சொன்னேன்.

"தார் வாரது எனக்குத் தெரியாதா? வாய மூடிட்டு வா."

கம்பியைத் தொடவே இல்லை. அப்படியே ஒடித்தார். பாதித் திருப்பத்தில் டயர் கத்தி, உள்ளே டக்கென்று ஏதோ இறுகி, இஞ்சின் அணைந்து, வண்டி ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. எதிரே வந்த பஸ் எங்கள் கதவுக்கு நாலு முழத்தில் பிரேக் பிடித்தது. பஸ் டிரைவர் தலையை நீட்டி வைதான். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்: "இப்ப என்ன செய்யணும்?"

"ஸ்டார்ட் பண்ணுங்க. நேராக்குங்க. ஒரு முளம் பின்னால எடுங்க. இப்ப அந்தக் குட்டைக் கம்பிய இளுங்க."

சொன்னதைச் சொன்னபடி செய்தார். கம்பி கழன்று வந்தது. பின்னாலிருந்து ஒருத்தி, "அத்தே, எப்ப வண்டி கத்துக்கிட்டீக? நாளைக்கு நீங்க ஓட்டுங்க, மாமா தண்ணி ஊத்தட்டும்!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் வயிற்றுப் பிள்ளைக்காரிகள்.

மறுநாள் விடிந்ததும் சாவியைக் கொண்டுபோய் முதலாளி கையில் கொடுத்தேன். அப்போதும் உண்மை வாயில் வரவில்லை. "அவுகளுக்குக் கண்ணு சரியாத் தெரியல மொதலாளி" என்றேன்.

"இதுக்கா சாவியக் குடுக்கீக? நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு அவரே இவரைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முதலாளிக்குச் சந்தோசம். "நாளைக்கே வண்டிய எடுங்கண்ணே" என்றார்.

என் வீட்டுக்காரர் காலையில் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். நானும் கூடவே போனேன். முதலாளி வீட்டு முற்றத்தில் இவர் கண்முன்னேயே சொன்னேன்: "கண்ணு இல்ல மொதலாளி. அவுகளுக்கு நெனவு நிக்கல. வண்டி குடுக்காதீக."

"யாருக்கு நெனவு நிக்கல? எதுனாலும் கேளுங்க மொதலாளி" என்றார் இவர்.

முதலாளிக்குச் சங்கடம். தரையைப் பார்த்துக்கொண்டு, "ஃபோர் வீல எப்ப எடுக்கணும்ணே?" என்று கேட்டார். பெரிய வட்டம், சின்ன வட்டம், ஒரு முழம் பின்னால் எல்லாம் இவர் மணி மணியாகச் சொன்னார். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் நான் பொய்க்காரியாக நின்றேன். சாவியை இவரிடம் நீட்டினார்.

"முத்தத்துலயே ஒரு சுத்து வாங்கண்ணே. மதினி மனசு ஆறட்டும்."

காய்ந்த சிமெண்டுத் தரை. ஏறி உட்கார்ந்தார். ஸ்டார்ட் செய்ததும் முதல் வேலையாகக் குட்டைக் கம்பியை நாலில் போட்டார். ஒடித்தார். டயர் கத்துகிற சத்தத்தில் வீட்டுக்குள்ளிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். வண்டி இரண்டு தரம் குதித்து நின்றது. கண்ணாடி வழியே என்னைத்தான் பார்த்தார்.

"நீ ஏன் புள்ள சொல்லல?"

ஒரு வருசமாக நான் சொன்னதை அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். முதலாளி கையை நீட்டினார். இவர் சாவியை அதில் வைத்தார். முன்னாலேயே சொல்லியிருந்தால் இந்த மறதியை மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கலாம் என்று மதுரை டாக்டர் பின்னால் சொன்னார். இனி ஏறுமுகம் கிடையாது என்றும் சொன்னார்.

சாவியைக் கொடுத்த அன்றைக்கு ரோட்டுக்கு நடந்து வந்து பஸ்ஸுக்கு நின்றோம். பஸ் பலகையை எனக்கு வாசித்துச் சொல்வது எப்போதும் அவர்தான். முதல் பஸ் வந்தது. பலகையை அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பஸ் போய்விட்டது. அடுத்ததற்கும் அப்படித்தான். மூன்றாவது வந்தபோது நானே ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். கூட்டி முடிப்பதற்குள் அதுவும் கிளம்பிவிட்டது.