கட்டுவதை மட்டும் சொன்னேன்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாடை முகத்தில் அடித்தது. ஹெப்பாள் பக்கம் எங்கள் அடுக்ககத்தில் வெயில் காலம் வந்தால் டேங்கர் தண்ணீர்தான். அதைப் பற்றிப் பேசத்தான் அன்று சாயங்காலம் கூட்டம் போட்டார்கள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்துதான் போனேன். என் முடிவுகளுக்கு ஆயுள் குறைவு.

கீழ்த்தளத்தில் ஒருவர் இருக்கிறார். தினமும் காலையில் ஹோஸ் பைப்பைப் பிடித்து இரண்டு கார்களைக் குளிப்பாட்டுவார். அவர்தான் எழுந்து பேசினார். "எல்லாம் ஜனத்தொகை மேடம். கிராமத்துல பெத்துப் போட்டுட்டே இருந்தா தண்ணி எங்கிருந்து வரும்? ஏனந்தீரா, என்ன சொல்றீங்க?" என்று என்னைப் பார்த்தார். நான் நர்ஸாக இருந்தவள், ஆமாம் போடுவேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் பாதி. மீதி யார் மேல் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வாடை எனக்குப் பழக்கமானது. கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு முதல் வேலை ஹனூர் பக்கம், ராமாபுரத்துக்கும் அப்பால், தமிழ் பேசுகிற ஒரு எல்லையோரக் கிராமத்தில். குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் என்றால் முந்தின நாளே பள்ளிக்கூடத்து பெஞ்சுகளை வெளியே போட்டு, தரையை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுவோம். மறுநாள் டாக்டர் ஜீப்பில் வருவார். ஆபரேஷன் முடிந்த பெண்களைத் தரையில் வரிசையாகப் படுக்க வைப்போம். ஆளுக்கு ஒரு பாய்கூடக் கிடையாது, இரண்டு பேருக்கு ஒன்று. அவர்களுக்குப் பெயரும் கிடையாது, 'கேஸ்' என்போம். ஒவ்வொரு நர்ஸும் மாதத்துக்கு இத்தனை கேஸ் கொண்டுவர வேண்டும். குறைந்தால் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் நிற்க வைப்பார்கள். அதற்கு 'இலக்கு' என்று பெயர். பின்னால் அந்த வார்த்தையை எடுத்துவிட்டு 'எதிர்பார்ப்பு' என்று போட்டார்கள். நிற்க வைத்தது மட்டும் மாறவில்லை.

ஆண்களை யாரும் கேட்கவில்லை. ஆண்களுக்கான ஆபரேஷன் இதைவிடச் சின்னது, கத்தியும் அவ்வளவாகப் படாது. ஆனால் மூட்டை தூக்குகிறவன், ஏர் ஓட்டுகிறவன், பலம் போய்விடும் என்பார்கள். தண்ணீர்க் குடத்தையும் விறகையும் பிள்ளையையும் சேர்த்துத் தூக்குகிறவளுக்குப் பலம் தேவையில்லை போலும்.

எனக்கு அங்கே தனி மரியாதை. சம்மதப் படிவம் கன்னடத்தில் இருக்கும். வருகிற பெண்களுக்குத் தமிழ்தான் வரும். மைசூர் சர்ச் தெருவில் வளர்ந்த எனக்கு இரண்டும் தெரியும் என்று ஒரு திமிர். நான் பேசினால் அந்தப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "சிஸ்டரு தமிழு பேசறாங்களா, கன்னடம் பேசறாங்களான்னே தெரியலீங்க" என்பாள் மாதம்மா.

மாதம்மாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். ஒரு பெண், ஒரு கைக்குழந்தைப் பையன். அவள் ஆபரேஷனுக்கு வரவில்லை, காப்பர்-டி போட்டுக்கொள்ள வந்தாள். மூன்று வருஷம் போகட்டும், பிறகு இன்னொன்று பெற்றுக்கொள்கிறேன் என்று தெளிவாகச் சொன்னாள். அவளுடைய உடம்பைப் பற்றி அன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காக யோசித்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

எனக்கோ அந்த மாதம் ஒரு கேஸ் குறைந்தது. இன்றைக்கு ஆபரேஷன் மட்டும்தான், வேறு எதையும் வெளியே எடுக்காதே என்று மேலதிகாரி அம்மா சொல்லிவிட்டார். காப்பர்-டி அலமாரியில் இருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது.

உள்ளே என்ன செய்வார்கள் என்று மாதம்மா கேட்டாள். கருக்குழாயை நூலால் கட்டுவார்கள் என்றேன். சாக்கு மூட்டையையும் ஆட்டுக் கயிற்றையும் தினமும் கட்டி அவிழ்க்கிறவள்.

"அப்பறமா வேணும்னா அவுத்து உட்டரலாமுங்களா?"

கட்டிய பிறகு வெட்டுவார்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தமிழில் இரண்டு வார்த்தை. நான் படிவத்தைக் குனிந்து பார்த்தபடி தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், கைநாட்டு வை என்றும் எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டாள். சாட்சி என்ற இடத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அந்த மாத மீட்டிங்கில் என்னை நிற்க வைக்கவில்லை.

அடுத்த மழைக்குப் பிறகு ஊரில் வயிற்றுப்போக்கு வந்தது. ஒரே கிணறு, அதிலும் தெருச் சாக்கடை இறங்கியிருந்தது. பிள்ளைகளைக் கணக்கெடுத்த சர்க்காரில் ஒருவரும் அந்தக் கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. மாதம்மாவின் பையன் இரண்டு நாளில் போய்விட்டான்.

ஒரு மாதம் கழித்து வந்தாள். தலைக்குக் குளித்து, துவைத்த சேலை கட்டி, சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம் என்ற நினைப்போடு வந்திருந்தாள்.

"அந்த நூல அவுத்து உடுங்க சிஸ்டரு."

முடியாது என்றேன். மைசூருக்குப் போனால் முடியுமா என்றாள். ஏன் முடியாது என்பதை அப்போதுதான் சொன்னேன்.

"நீங்க தலைய ஆட்டுனீங்கல்லங்க" என்றாள். அவ்வளவுதான். கோபம் தாங்க முடியாத நாட்களில் இன்றும் எனக்குக் கேட்பது அந்தக் குரல். நான் மாற்றல் வாங்கிக்கொண்டு மைசூர் வந்துவிட்டேன். ஓடி வந்தேன் என்பதுதான் சரி.

கூட்டத்தில் அந்தக் கார்க்காரரிடம் இதில் பாதியைக் கன்னடத்திலும் பாதியைத் தமிழிலும் சொன்னேன். கேட்டு முடித்தவர், டேங்கர் விஷயத்துக்கு வருவோம் மேடம் என்றார். மறுநாள் காலையில் மாதம்மாவின் ஊருக்கு நான் பஸ் ஏறிவிட்டேன். பொய் சொன்னேன் மாதம்மா, என்னைத் திட்டு என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அவள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன். "போருல தண்ணி நின்னு போச்சுங்க. எல்லாரும் திருப்பூருப் பக்கம் பொழைக்கப் போயிட்டாங்க. மாதம்மாக்கா எங்க இருக்குதுன்னு தெரியலீங்க" என்றாள்.

அந்த ஊரில் இப்போது ஜனத்தொகை நன்றாகவே குறைந்திருக்கிறது. தண்ணீர் இல்லை. மாதம்மாவும் இல்லை.