காலியாக விட்ட எட்டு நாட்கள்

வெள்ளைத்தாளை எடுத்தால் மேலே நடுவில் ஒரு சின்னச் சிலுவை போடாமல் எனக்கு எழுத்து ஓடாது. திருக்காட்டுப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் ஒட்டிக்கொண்டது. விலங்கியல் பேராசிரியராகி, "ஆதாரம் எங்கே, ஆதாரம் எங்கே" என்று பிள்ளைகளின் உயிரை வாங்கிய காலத்திலும் அது போகவில்லை. நான் செய்தால் அதற்குப் பழக்கம் என்று பேர். அடுத்தவர் செய்தால் மூடநம்பிக்கை.

சில வருடங்களுக்கு முன் இளங்கலை கடைசி வருடத்தில் ஒரு பெண் என்னிடம் புராஜெக்ட் செய்தாள். நாகப்பட்டினம் கரையோரத்து மீனவர் வீட்டுப் பெண். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு. மாசி மாதம் முழுக்க விடியற்காலையில் ஊர்த் துறையில் நின்று, எந்தப் படகில் என்ன மீன், எத்தனை கிலோ என்று குறித்துக்கொள்வாள். பிறகு வாடை போகக் கையைக் கழுவிவிட்டு, வயல்களுக்கு நடுவே இருக்கிற எங்கள் கல்லூரிக்குப் பஸ் பிடிப்பாள். முதல் வகுப்பு வந்தால்தான் எங்கள் துறையில் எம்.எஸ்ஸி. இடம். அவளுக்கு அது ஒன்றுதான் குறி. மதிப்பெண்ணோ விளிம்பில் நின்றது. புராஜெக்ட்தான் தூக்கிவிட வேண்டும்.

கைப்பிரதியைக் கொண்டுவந்தாள். முதல் பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி. சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். உள்ளே இருந்த பட்டியலில் எட்டு நாட்களுக்கு மீன் அளவே இல்லை. அம்மன் கோயிலில் காப்புக் கட்டியதால் அந்த எட்டு நாளும் ஊரில் ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை, போனால் சாமி குத்தம் என்று அப்பா சொன்னார் என அதன்கீழ் எழுதியிருந்தாள்.

"இது என்ன புராஜெக்ட்டா, தலபுராணமா? சாமியெல்லாம் வாசல்லயே விட்டுட்டு வாம்மா. இத எடுத்துரு."

"அப்ப அந்த எட்டு நாளுக்கு என்ன சார் போடறது?"

"காலியா விடு."

திருத்தங்களை ஒரு தனித்தாளில் எழுதிக் கொடுத்தேன். அதன் தலையில் என் சிலுவை இருந்தது. அவள் பார்த்திருப்பாள். தாளை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

வைவா அன்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நேராக அந்தப் பட்டியலுக்குத்தான் போனார்.

"இந்த எட்டு நாள் எங்கம்மா போச்சு? துறைக்குப் போகாம வீட்ல தூங்கிட்டியா?"

"போனேன் சார். படகுதான் போகல."

"ஏன் போகல?"

அவள் என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. 'சொல்லும்மா' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். படகு போகாத நாளும் தகவல்தான், காரணம் சாமியாக இருந்தாலும் அதை எழுதத்தான் வேண்டும். இது எங்கள் பாடத்தில் அரிச்சுவடி. அதை அடிக்கச் சொன்னது நான் என்று தெரிந்தால் அந்த மனிதர் முன் என் மானம் போய்விடும் என்று பயந்தேன். குனிந்து மதிப்பெண் தாளைப் புரட்டினேன்.

"தெரியல சார்," என்றாள்.

படகுக்காரர் மகள், தன் ஊர்ப் படகு ஏன் போகவில்லை என்று தெரியாது என்றாள். தேர்வாளர் சிரித்துக்கொண்டே மதிப்பெண் போட்டார்.

வராந்தாவில் எனக்காகக் காத்திருந்தாள். "நான் சரியாத்தானே சார் சொன்னேன்? சாமி பேச்சே எடுக்கல."

"சரிதாம்மா," என்று சொல்லிவிட்டு, ஏதோ அவசர வேலை இருப்பவன் போல நடந்தேன்.

முதல் வகுப்பு மயிரிழையில் போயிற்று. எம்.எஸ்ஸி. இடமும் போயிற்று. நாகப்பட்டினத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள் என்று அவளோடு படித்த ஒருத்தி சொன்னாள். சர்ச்சில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது என் கோபத்தைச் சொல்வேன், சில்லறைப் பொய்களைச் சொல்வேன். இதைச் சொல்ல மட்டும் இன்றுவரை நாக்கு எழவில்லை. அவ்வளவு கூசுகிறது.

போன மாதம் துறை அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது அந்தப் புராஜெக்ட் கைக்கு வந்தது. கையெழுத்துப் போட்ட அவசரத்தில் அதன் நன்றியுரையை நான் அன்று படிக்கவே இல்லை. எங்கள் பிள்ளைகள் எந்த மதமானாலும் நன்றியுரையின் முதல் வரியைக் கடவுளுக்குத்தான் கொடுப்பார்கள். யாரும் அதை அடிப்பதில்லை, நானும் அடித்ததில்லை. அவள் அதையும் எடுத்திருந்தாள். அந்த முதல் வரியில் எனக்கு நன்றி சொல்லியிருந்தாள்.